சுங்கை சிப்புட்டில் ஒரு இமெயில் கடை

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் தொழில்காரர்களுக்கு இமெயில் சேவை தரும் ஒரு கடையைப் பற்றி, அங்கே காசு கட்டும் வாடிக்கையாளராக எழுதுகிறேன். முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் "ஊர்க்காரர் கடை, அதனால் புகழ்கிறாள்" என்று யாரும் பேசக்கூடாது.

வெப்மெயில் பக்கத்துக்கு லட்சணமே கிடையாது. சாம்பல் கலர், பொடி எழுத்து, கைப்பேசியில் திறந்தால் பாதிப் பொத்தான் திரைக்கு வெளியே நிற்கும். தனி ஆப் இல்லை. ஒரு அஞ்சல் பெட்டிக்கு 5 ஜிபி இடம்தான். சும்மா கிடைக்கிற ஜிமெயிலே 15 ஜிபி தருகிறது. பெட்டிக்கு மாதம் 12 வெள்ளி (ரிங்கிட்), அதையும் ஒரு வருடத்துக்குச் சேர்த்து முன்கூட்டியே கட்ட வேண்டும். மணிக்கு 200 கடிதத்துக்கு மேல் கடைக்காரர் போகவிடமாட்டார். வருகிற கடிதத்தை அப்படியே ஜிமெயிலுக்குத் திருப்பிவிடச் சொன்னால் முடியாது என்பார். ஏன் என்று கேட்டுவிட்டால் அரைமணி நேரம் போச்சு. தைப்பூசம் வந்தால் ஈப்போ கல்லுமலைக்குக் காவடி எடுக்கப் போய்விடுவார், கடை பூட்டிக் கிடக்கும்.

இத்தனையும் தெரிந்தேதான் இந்த வருடமும் காசு கட்டினேன். பக்கத்துக் கடை ஆட்கள் ஒவ்வொருவராக வந்து "நல்லா இருக்கா, போகலாமா" என்று கேட்கிறார்கள். ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொல்வதை விட எழுதி வைத்துவிடலாம்.

கடை பெரிய ரோட்டில் இல்லை. பசார் பக்கம், ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடி. போர்டில் பாதி கம்ப்யூட்டர் ரிப்பேர், பாதி கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பது. இமெயில் என்கிற பேச்சே போர்டில் கிடையாது. நடத்துகிறவரை ஊரே அண்ணன் என்கிறது, நானும் அப்படித்தான். அவருடைய அக்கா மகள் கவுன்டரைப் பார்த்துக்கொள்கிறாள். கடிதங்களை வாங்கி அனுப்பும் கம்ப்யூட்டர், அதாவது சர்வர், இங்கே மாடியில் ஓடுவதாக நினைத்துப் பயப்பட வேண்டாம். அது சைபர்ஜெயாவில், வாடகைக்கு எடுத்த இடத்தில் இருக்கிறது. இங்கே இடி விழுந்து கரண்ட் போனாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

என் தொழில் கணக்கு எழுதுவது. லோரிக்காரர்கள், செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டக் குத்தகைக்கு ஆள் விடுகிறவர்கள், இரண்டு மூன்று சாப்பாட்டுக் கடை, சில கோயில் கமிட்டிகள். மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் போகும். அடுத்த 15ஆம் தேதிக்குள் இபிஎஃப் (சேம நிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) கட்டியாக வேண்டும், அதற்கு முன்னறிவிப்பு போகும். இந்தக் கடிதங்கள் ஜங்க் பெட்டியில் விழுந்தால் அபராதம் கட்டுவது என் வாடிக்கையாளர், திட்டு வாங்குவது நான்.

முன்பு நான் வைத்திருந்தது மலிவான ஹோஸ்டிங் ஒன்று, வெப்சைட்டுக்கும் மெயிலுக்கும் சர்வரில் இடம் வாடகைக்கு விடும் கம்பெனி. பெயர் வேண்டாம். அங்கே நூற்றுக்கணக்கான டொமைன்கள் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்கள்) ஒரே ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் ஒரு சர்வரின் எண்) கடிதம் அனுப்பும். அதில் எவனோ ஒருவன் மாத்திரை விளம்பரமும் லாட்டரி விளம்பரமும் கொட்டினால், அந்த ஐபி தடுப்புப் பட்டியலில் ஏறிவிடும். ஸ்பாம்ஹவுஸ் மாதிரி இப்படிப் பட்டியல் போடும் அமைப்புகள் 1990களிலிருந்தே இருக்கின்றன. உலகம் முழுக்க மெயில் சர்வர்கள் அவற்றைக் கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறக்கும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒருத்தன் கடன் சொல்லிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஓடினால், மறுநாள் அந்த லயத்து ஆட்கள் யாருக்குமே கடைக்காரர் அரிசி கடன் கொடுக்க மாட்டார். என் சம்பளப் பட்டியல்களுக்கு நடந்தது அதுதான். ஹோஸ்டிங் கம்பெனிக்கு எழுதினால் "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது" என்று ஒரு பதில், அதையே அடுத்த தடவையும் அனுப்பினார்கள்.

அண்ணன் கடைக்குப் போனதும் அவர் விலை சொல்வார் என்று பார்த்தால், கேள்வி கேட்க ஆரம்பித்தார். "டொமைன் யார் பேர்ல இருக்கு? உங்க பேர்ல யார் யாரெல்லாம் மெயில் அனுப்புறாங்க?" நான்தான், வேறு யார் என்றேன். அவர் விடவில்லை. கணக்கு மென்பொருள் தானாகப் பட்டியல் அனுப்புகிறதா? ஜெராக்ஸ் மெஷினில் ஸ்கேன் செய்தால் அது மெயிலாகப் போகிறதா? வெப்சைட்டில் படிவம் இருக்கிறதா? எல்லாம் ஆமாம். ஒவ்வொன்றும் வெவ்வேறு சர்வர் வழியாக, என் பெயரைப் போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

பிறகு என் டொமைனின் டிஎன்எஸ் பதிவை, அதாவது ஒரு டொமைனைப் பற்றி யாரும் கேட்டுப் பார்க்கக்கூடிய பொது விவரப் பட்டியலை, திறந்து காட்டினார். எஸ்பிஎஃப் என்று ஒரு வரி உண்டு: "இந்தப் பெயரில் கடிதம் அனுப்ப இந்த இந்த சர்வருக்குத்தான் அனுமதி" என்று ஊருக்கே அறிவிப்பது. என் டொமைனில் அந்த வரி இரண்டு இருந்தது. ஒன்று ஹோஸ்டிங் கம்பெனி போட்டது, இன்னொன்று கணக்கு மென்பொருளை அமைக்க வந்த பையன் போட்டது. இரண்டு இருந்தால் இரண்டுக்கும் மதிப்பில்லை. 2014-ல் வந்த ஆர்எஃப்சி 7208 என்கிற இணைய விதித்தாள் அதை நிரந்தரப் பிழை என்கிறது. அதோடு, அந்த வரியைச் சோதிக்க 10 டிஎன்எஸ் தேடலுக்கு மேல் தேவைப்பட்டால் அதுவும் பிழை. பத்து வருடமாகப் பொதுவில் கிடக்கும் விதி. என் பழைய கம்பெனியில் ஒருத்தருக்கும் அது கண்ணில் படவில்லை.

அண்ணன் இரண்டையும் ஒன்றாக்கினார். டிகிம் போட்டார், அதாவது ஒவ்வொரு கடிதத்திலும் சர்வர் ஒரு கையெழுத்து வைக்கும், அதைச் சரிபார்க்கும் சாவி டிஎன்எஸ்ஸில் எல்லாரும் பார்க்கிற மாதிரி இருக்கும். டிமார்க் போட்டார், மேலே தெரிகிற அனுப்புநர் பெயரோடு இந்த இரண்டில் ஒன்றாவது பொருந்தாவிட்டால் கடிதத்தை என்ன செய்வது என்று பெறுகிறவருக்குச் சொல்லும் வரி. ஐபி முகவரியைத் திருப்பிக் கேட்டால் சர்வரின் பெயர் வரும்படி செய்தார். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் இவற்றை வற்புறுத்துகின்றன. ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5,000 கடிதத்துக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுமே கட்டாயம். என்னை மாதிரிச் சின்ன ஆளுக்கும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்று வேண்டும், ஐபிக்குச் சரியான பெயர் வேண்டும், ஸ்பாம் என்று ஆட்கள் அமுக்கும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது.

சரி, இதெல்லாம் எந்தப் பெரிய கம்பெனியும் ஒரு பொத்தானில் செய்து தரும்தானே என்று கேட்பீர்கள். செய்து தரும். நான் இங்கே காசு கட்டுவது அதற்கு அடுத்து வருகிற வேலைக்கு.

ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். இமெயிலுக்குத் தலைமை ஆபீஸ் கிடையாது. தபாலுக்கு உண்டு: 1874-ல் தொடங்கிய உலக அஞ்சல் ஒன்றியம், சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரத்தில். இங்கே ஒட்டின தபால் தலைக்கு மதுரையில் கடிதம் கொடுக்கிறார்கள் என்றால் நாடுகள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் பின்னால் இருக்கிறது. இமெயிலில் அப்படி யாரும் கையெழுத்துப் போடவில்லை. 1982-ல் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821, அது வளர்ந்து 2008-ல் வந்த 5321, இப்படித் தாள்கள்தான் இருக்கின்றன. ஐஇடிஎஃப் என்கிற பொறியாளர் கூட்டம் அவற்றை எழுதுகிறது, பின்பற்றாதவனைப் பிடிக்க போலீஸ் இல்லை. யார் வேண்டுமானாலும் சர்வர் வைக்கலாம். யார் கடிதத்தையும் காரணம் சொல்லாமல் யாரும் மறுக்கலாம். அப்படியும் இது ஓடுகிறது என்றால், ஒரு நெட்வொர்க்கை நடத்துகிறவன் இன்னொரு நெட்வொர்க்கை நடத்துகிறவனுக்கு எழுதிப் பேசித் தீர்த்துக்கொள்வதால்தான். பெரிய ஆபரேட்டர்கள் இதற்காகவே 2004-ல் ஒரு அமைப்பு ஆரம்பித்தார்கள், இப்போது அதன் பெயர் எம்3ஏஏடபிள்யூஜி. ஸ்பாம், மோசடி, புகார் இதையெல்லாம் எப்படிக் கையாள்வது என்று கூடிப் பேசி நடைமுறைக் குறிப்புகள் வெளியிடுகிறார்கள். நம் பக்கத்தில் ஐபி முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஏப்னிக் இருக்கிறது. நம் நாட்டு நெட்வொர்க்காரர்களுக்கு மைநாக் என்கிற குழு இருக்கிறது.

2025 பிப்ரவரியில் பெட்டாலிங் ஜெயாவில் ஏப்ரிகாட் மாநாடு நடந்தபோது அண்ணன் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். ஆசிய பசிபிக் நெட்வொர்க்காரர்கள் வருடா வருடம் கூடுகிற இடம் அது. மாதக் கடைசி நெருங்குகிற நேரம், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பி வந்தவர் பெருமையாக ஒரு கட்டு விசிட்டிங் கார்டைக் காட்டினார். "இதுக்கா போனீங்க?" என்று கேட்டேன். சிரித்தார்.

அந்தக் கார்டுகளில் ஒன்றுதான் பிறகு எனக்கு உதவியது. ஒரு லோரி முதலாளி, என் பழைய வாடிக்கையாளர், போன் செய்தார். என் ஆபீஸிலிருந்து வந்த மாதிரியே ஒரு மெயில்: எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, இனிமேல் இந்த நம்பருக்குக் கட்டுங்கள். அவருக்குச் சந்தேகம் வந்தது பேங்க் நம்பரைப் பார்த்து இல்லை. "நீ எனக்கு இவ்ளோ மரியாதையா மலாயில எழுத மாட்டியேம்மா." 

என் டிமார்க் அப்போது இன்னும் பார்வையாளர் நிலையில் இருந்தது. 'நன்' என்று போட்டால் பொருந்தாத கடிதத்தையும் யாரும் தடுக்க மாட்டார்கள், ஆனால் எந்த ஐபியிலிருந்து என் பெயரில் எத்தனை கடிதம் வந்தது என்று கூகுள் போன்றவர்கள் தினமும் ஒரு அறிக்கை அனுப்புவார்கள். எக்ஸ்எம்எல் கோப்பு, சாதாரண மனிதர் படிக்க முடியாது. அக்கா மகள் அதைப் படித்து, வாரம் ஒரு முறை வாட்ஸ்அப்பில் நாலு வரி தமிழில் அனுப்புவாள். "ஜெராக்ஸ் மெஷின் இன்னும் பழைய வழியில போகுது அக்கா, மாத்தணும்" என்கிற மாதிரி. அந்த வாரம் அவள் அனுப்பியது: தெரியாத ஐபி, வெளிநாடு, திடீரென்று வந்திருக்கிறது.

அண்ணன் புகார் எழுதியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். லோரி முதலாளியின் மெயிலை அவர் ஸ்க்ரீன்ஷாட் எடுக்கவில்லை. முழுத் தலைப்பகுதியோடு மூலக் கடிதத்தையே கோப்பாக இறக்கினார். அதில் வழியில் ஒவ்வொரு சர்வரும் போட்ட 'ரிசீவ்ட்' வரிகளில் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக விரல் வைத்து வந்து, நம்பக்கூடிய முதல் சர்வர் எது என்று குறித்தார். நேரத்தை மலேசிய நேரத்திலிருந்து 8 மணி கழித்து, யுடிசி என்கிற உலகப் பொது நேரமாக எழுதினார். "நம்ம நேரத்துல எழுதினா, அவன் லாக்ல தப்பான இடத்துல தேடுவான். கிடைக்கலைன்னு டிக்கெட்டை மூடிருவான்." ஆங்கிலத்தில் ஆறு வரி, கோபம் ஒரு சொல்லிலும் இல்லை. ஐபி யாருடையது என்று ஏப்னிக் பதிவில் தேடி, அங்கே புகாருக்கென்று கொடுத்திருக்கும் முகவரிக்கு அனுப்பினார். அந்த முகவரி உயிரோடு இருக்கிறதா என்று ஏப்னிக் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பதும் உண்டு. சோதித்து என்ன? தானியங்கிப் பதில்தான் வந்தது. மறுநாள் அவர் அந்தக் கட்டிலிருந்து ஒரு கார்டை எடுத்து, அதே நெட்வொர்க்கில் வேலை செய்யும் ஆளுக்கு டிக்கெட் நம்பரை மட்டும் அனுப்பினார். சாயங்காலத்துக்குள் அந்த மெஷினை வெட்டிவிட்டார்கள்.

அப்புறம் ஜெராக்ஸ் மெஷின் வரைக்கும் எல்லாம் ஒழுங்கான பிறகுதான் என் டிமார்க்கை 'குவாரண்டைன்' (பொருந்தாததை ஜங்க்கில் போடு) ஆக்கி, கொஞ்ச நாள் பார்த்து, 'ரிஜெக்ட்' (அடியோடு மறுத்துவிடு) ஆக்கினார். அவசரப்பட்டு முதல் நாளே ரிஜெக்ட் போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய சொந்தக் கடிதங்களே முதலில் செத்துப்போகும்.

எல்லா இடத்திலும் இப்படிக் காரியம் நடந்துவிடாது, அதையும் சொல்லவேண்டும். சில நெட்வொர்க்குகளுக்கு அவர் எழுதிய புகார்கள் இன்றைக்கும் பதில் இல்லாமல் கிடக்கின்றன. அந்த மாதிரி இடங்களிலிருந்து வரும் கடிதங்களைத் தன் சர்வரில் அவரும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார். அவர் கையில் இருப்பது அவ்வளவுதான்.

ஜெர்மனி விவகாரம் வேறு மாதிரி. செம்பனை ஆலைகளுக்கு உதிரிப்பாகம் வரவழைக்கும் ஒரு வாடிக்கையாளருக்காக நான் அங்கே உள்ள சப்ளையருக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். புது சர்வருக்கு மாறியதும் அவர்களுடைய மெயில் ஆபரேட்டர் 554 என்று போட்டுத் திருப்பினார். 5-ல் தொடங்கினால் முடியாது, போ என்று அர்த்தம். 4-ல் தொடங்கினால் இப்போது வேண்டாம், அப்புறம் வா. கடை சர்வரின் ஐபி அவர்களுக்குப் புதிது, அதனால் தெரியாத ஆளுக்குக் கதவு திறக்கமாட்டார்கள். திருப்பிய செய்தியிலேயே எந்த முகவரிக்கு எழுத வேண்டும் என்று இருந்தது. அண்ணன் எழுதினார். சர்வரை நடத்துவது யார், தொடர்பு விவரம் எந்தப் பக்கத்தில் பொதுவாகப் போட்டிருக்கிறது என்று திருப்பிக் கேட்டார்கள். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடைக்கு அதுவரை ஒழுங்கான வெப் பக்கம்கூடக் கிடையாது. அன்றைக்கு ராத்திரியே கடை முகவரியோடு ஒரு பக்கம் போட்டார்கள். இரண்டொரு நாளில் கதவு திறந்தது. இதில் நான் செய்தது திரும்பி வந்த மெயிலை அப்படியே அவருக்கு அனுப்பியது மட்டும்தான். பழைய கம்பெனியாக இருந்தால் "உங்கள் சப்ளையரையே கேளுங்கள்" என்றிருப்பார்கள்.

எந்த டொமைனாக இருந்தாலும் 'போஸ்ட்மாஸ்டர்' என்கிற முகவரிக்கு வரும் கடிதத்தை ஏற்க வேண்டும் என்பது ஆர்எஃப்சி 5321-ன் விதி. 'அப்யூஸ்' முகவரியும் வேண்டும் என்று 1997-ன் ஆர்எஃப்சி 2142 சொல்கிறது. எனக்குக் கொஞ்சம் குறும்பு. ஒரு ராத்திரி இந்தக் கடையின் போஸ்ட்மாஸ்டருக்கும் என் பழைய கம்பெனியின் போஸ்ட்மாஸ்டருக்கும் ஒரே வரி அனுப்பினேன். காலையில் அக்கா மகளிடமிருந்து "என்ன அக்கா, எங்களைச் சோதிக்கிறீங்களா?" என்று பதில். பழைய கம்பெனியிலிருந்து அப்படி ஒரு பயனாளரே இல்லை என்று மெயில் திரும்பியது. மெயில் சேவை வாங்கப்போகிற யாரும் காசு கட்டுவதற்கு முன்னால் இதைச் செய்து பார்க்கலாம், செலவில்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கடையில் தனியாக ஒரு லாபம் உண்டு. என் கணக்கு மென்பொருள் 'சம்பளப் பட்டியல்' என்று தலைப்புப் போட்டு அனுப்பினால், சில பேருக்குக் கடைசி 'ல்' உடைந்து 'ல'வும் அதன் பக்கத்தில் கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டமுமாகப் போகும். 'சம்பளம்' என்று மட்டும் போட்டால் ஒழுங்காகப் போகும். மென்பொருள்காரர்கள் உங்கள் போனில் ஃபாண்ட் சரியில்லை என்றார்கள். அண்ணன் ஒரு காகிதத்தில் எண்ணிக் காட்டினார். தலைப்பில் ஆங்கிலம் அல்லாத எழுத்து வந்தால் அதைக் குறிமாற்றி, 75 குறிக்கு மேல் போகாத துண்டுகளாக அனுப்ப வேண்டும். 1996-ன் ஆர்எஃப்சி 2047. துண்டின் தலையும் வாலும் போக மிஞ்சும் இடத்தில் 45 பைட் அடங்கும். மெயிலில் போகும் யுடிஎஃப்-8 யுனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட், புள்ளி தனிக் குறி, கொம்பும் சுழியும் தனிக் குறி. 'சம்பளப் பட்டியல்' மொத்தம் 46 பைட். ஒரே ஒரு பைட் அதிகம். மென்பொருள் கண்ணை மூடிக்கொண்டு 45-ல் வெட்டியதால், கடைசி 'ல்'லின் புள்ளி நடுவில் அறுந்து இரண்டு துண்டிலும் பாதி பாதியாகப் போயிருக்கிறது. ஒரு எழுத்தை நடுவில் வெட்டக்கூடாது என்று அதே ஆர்எஃப்சியில் எழுதியிருக்கிறது. அந்த வரியை எடுத்துப்போட்டு மென்பொருள்காரர்களுக்கு அண்ணனே எழுதினார். அடுத்த அப்டேட்டில் சரியாகிவிட்டது. அவர்கள் என்னிடம் நன்றி சொல்லவில்லை, அது வேறு விஷயம்.

கோயில் கமிட்டிக்கு ஆசை வந்தது: முகவரியே தமிழில் இருக்க வேண்டும், 'கோவில்' என்று தொடங்க வேண்டும். இது முடியாத காரியம் இல்லை. 2012-ல் வந்த ஆர்எஃப்சி 6530, 6531, 6532 இதற்குத்தான். ஜிமெயில் 2014 முதல் இப்படிப்பட்ட முகவரிகளோடு அனுப்பிப் பெறுகிறது, அண்ணன் சர்வரில் ஓடும் போஸ்ட்ஃபிக்ஸ் என்கிற மெயில் மென்பொருளிலும் 3.0 முதல் வசதி உண்டு. டொமைன் பக்கத்தில் .சிங்கப்பூர், .இந்தியா, .இலங்கை மூன்றும் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. மலேசியாவுக்கு ஜாவி எழுத்தில் ஒன்று இருக்கிறது, தமிழில் இல்லை. அதனால் கமிட்டி முகவரியில் முன்பாதி தமிழ், பின்பாதி ஆங்கில எழுத்து.

அண்ணன் இதில் ஒன்றைக் கண்டுபிடித்தார், எனக்கு ரொம்பப் பிடித்தது. 'கோ' என்ற எழுத்தை இரண்டு விதமாக உள்ளிடலாம். 'ஓ'கார உயிர்க்குறியை ஒரே குறியாக. அல்லது இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், சர்வருக்கு வெவ்வேறு முகவரி. எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று விதி பரிந்துரைக்கிறது, ஆனால் எல்லா கீபோர்டும் எல்லா சர்வரும் அப்படிச் செய்யும் என்று நம்பி உட்கார முடியாது. இரண்டு வடிவத்தையும் ஒரே பெட்டிக்கு விட்டுவிட்டார்.

ஜிமெயிலுக்குப் போனது, வந்தது. கமிட்டித் தலைவர் தன் போனை எல்லாருக்கும் காட்டினார். அடுத்த வாரம் ஒரு அலுவலகத்துக்கு அனுப்பியது திரும்பி வந்தது. எதிர்ப்பக்கத்து சர்வர் இந்த வசதி தன்னிடம் இருக்கிறது என்று அறிவிக்காவிட்டால் அங்கே தமிழ் முகவரியிலிருந்து கடிதமே கொடுக்க முடியாது. ஆன்லைன் படிவங்களோ இதைத் தப்பான முகவரி என்று சிவப்பில் காட்டும். எனவே ஆங்கில எழுத்து முகவரிதான் இப்போதும் முக்கியம், தமிழ் முகவரி கூடவே ஒன்று. அண்ணன் இதைக் காசு வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டார். தலைவர்தான் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை ராத்திரி சர்வர் படுத்துவிட்டது, ஞாயிறு மதியம்தான் எழுந்தது. நாங்கள் கேட்பதற்கு முன்பே அக்கா மகள் எல்லாருக்கும் வாட்ஸ்அப் போட்டுவிட்டாள். கடிதம் எதுவும் தொலையவில்லை. பெறுகிற சர்வர் கிடைக்காவிட்டால் அனுப்புகிற சர்வர் நாலைந்து நாளாவது விடாமல் முயற்சி செய்ய வேண்டும் என்பது 5321-லேயே இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் எல்லாம் வரிசையாக வந்து சேர்ந்தன. ஆனால் அந்த ஞாயிறு காலை எனக்குப் பழைய கடிதத்தைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது, முடியவில்லை. இரண்டாவது சர்வர் ஒன்று வைத்திருக்கலாம். கேட்டால் விலை 12 வெள்ளியில் நிற்காது என்கிறார். நியாயம்தான், ஆனாலும் நட்சத்திரம் ஒன்றைக் குறைக்கிறேன்.

மணிக்கு 200 கடித எல்லையைப் பற்றி எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. மாதக் கடைசியில் குத்தகைக்காரர்களின் ஆட்கள் எல்லாருக்கும் சம்பளப் பட்டியல் போக வேண்டும். வரிசையில் நின்று நின்று போகும், சாயங்காலம் ஆகிவிடும். யாராவது ஒருவர் பாஸ்வேர்டு திருடுபோனால் ராத்திரியோடு ஆயிரக்கணக்கில் ஸ்பாம் போய், எல்லாருடைய ஐபிக்கும் கெட்ட பெயர் வந்துவிடும் என்பது அவர் வாதம். பழைய இடத்தில் பட்டவள் என்பதால் என்னால் எதிர்த்துப் பேச முடியவில்லை. ஜிமெயிலுக்குத் திருப்பிவிடாததற்கும் காரணம் கிட்டத்தட்ட இதேதான்: திருப்பிவிடும்போது கடிதம் இவர் சர்வரிலிருந்து போவதால் எஸ்பிஎஃப் பொருந்தாது, வருகிற ஸ்பாமும் இவர் கணக்கில் ஏறும். ஜிமெயில் ஆப்பிலேயே இந்தப் பெட்டியைச் சேர்த்துக்கொள்ளலாம், அதை அக்கா மகள் ஐந்து நிமிடத்தில் செய்து தருவாள்.

விளம்பரக் கடிதம் ஆயிரக்கணக்கில் அனுப்புகிற கடைக்காரர்கள் இங்கே வராதீர்கள், உங்களைச் சேர்க்கவும் மாட்டார். வெறுமனே குடும்பத்துக்கு மெயில் வேண்டும் என்றால் ஜிமெயிலே போதும், அவரே அதைத்தான் சொல்வார். சொந்த டொமைனில் சம்பளம், பில், கமிட்டி அறிக்கை என்று கணக்குள்ள கடிதம் அனுப்புகிறவர்களுக்கு என் மதிப்பு ஐந்தில் நாலு.

போவதானால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போங்கள்; காலையில் பத்திரிகை அச்சடிக்கிற கூட்டம், படியில் நிற்கக்கூட இடம் இருக்காது. போவதற்கு முன் உங்கள் டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். வெப்சைட் செய்து கொடுத்த பையன் தன் பெயரில் போட்டுக்கொண்டிருந்தால் அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் அண்ணன் உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்.